மிளகு மாதத்தையும் எழுதுங்க!



என் தம்பி இரண்டாம் வகுப்பு. அவன் வகுப்பில் ‘மாத நிகழ்வுகள்’னு சார்ட் ஒட்டியிருக்காங்க. பொங்கல் இருக்கு, குழந்தைகள் தினம் இருக்கு. மிளகு பறிக்கிற மாதம் இல்லை! அப்பதானே நம்ம கொல்லிமலையில் நிறைய பிள்ளைங்க பள்ளிக்கு வர்றதில்லை? வீட்டில் பார்த்துக்க ஆள் இல்லாம தம்பியும் பத்து நாள் தோட்டத்துக்குத்தான் போனான். (பறிச்சதைவிட ஆடினதுதான் அதிகம்.) திரும்பிப் போனா பாடம் எங்கேயோ போயிருந்தது. அழுதுட்டான்.

2007-08இல் தமிழகம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலில், விட்ட அட்டையிலிருந்தே தொடர முடிஞ்சது. எங்க சித்தி அப்படித்தான் படிச்சாங்க. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர்னு நிலை இருக்கு. அப்புறம் லீவு போட்ட பிள்ளைக்கு மட்டும் ஏன் இடம் இல்லை?

டீச்சர், மிளகு மாதத்தையும் சார்ட்டில் எழுதுங்க. திரும்பி வர்றவங்களுக்கு ஒரு வாரம் விட்ட பாடத்தை நடத்துங்க. எப்ப பறிப்புன்னு வீட்டில் கேட்டுச் சொல்றோம். சார்ட் எழுத நானும் வரேன்.