முகம் பொருந்தினால்தான் சத்துமாவா?

அங்கன்வாடியில் சத்துமாவு வாங்க வரும் கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் கைபேசி முன் முகத்தைக் காட்டியாக வேண்டும். போஷன் டிராக்கர் செயலி அந்த முகத்தை ஆதார் படத்தோடு ஒப்பிட்டு ஏற்ற பிறகே மாவு. 2025 ஜூலை 1 முதல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் இதை நாடு முழுவதும் கட்டாயமாக்கியிருக்கிறது. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் குழந்தைக்கும் விலையில்லா உணவை உரிமையாக்கியது 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம். ஆதார் இல்லையென்று எந்தக் குழந்தைக்கும் திட்டப் பலனை மறுக்கக் கூடாது என 2018 செப்டம்பர் 26இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டமும் தீர்ப்பும் உறுதிசெய்த உரிமைக்கு ஒரு செயலி தடை போடலாமா?

ராஜபாளையத்து மில்லில் ஷிப்டுக்குப் போன தாய்க்குப் பதிலாகப் பாட்டி வந்து நின்றால் என்ன செய்வது? மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் சிக்னல் கிடைக்காத நாளில்? ஆதாரில் இருப்பது பல ஆண்டுகளுக்கு முந்தைய படம் என்றால்? கருவி செய்யும் பிழைக்குத் தாய் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். ஏச்சைப் பால்வாடி டீச்சர் வாங்க வேண்டும்.

போலிப் பயனாளிகளைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்கிறார்கள். கொள்முதலிலும் எடையிலும் தரத்திலும் நடக்கும் முறைகேட்டைத் தாயின் முகப்படம் காட்டிக்கொடுக்காது. அதற்குத் தணிக்கையும் இருப்புச் சோதனையும் வேண்டும்.

2017 பிப்ரவரியில் மத்திய அரசு பள்ளி மதிய உணவுக்கே ஆதார் கேட்டது. கண்டனம் வெடித்ததும், ஆதார் இல்லாதவர்க்கும் உணவு மறுக்கப்படாது என்று விளக்கம் தந்தது. ஸ்காட்லாந்தின் வட அயர்ஷயரில் 2021 அக்டோபரில் 9 பள்ளிகளின் உணவுக்கூடங்களில், பணம் செலுத்த மாணவரின் முகத்தைப் படிக்கும் கருவியை வைத்தார்கள். எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களிலேயே நிறுத்தினார்கள். இங்கும் பின்வாங்குவதில் இழுக்கு இல்லை.

1952இல் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதி நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய காமராசர்தான், முதலமைச்சராகி மதிய உணவுத் திட்டத்தைத் தமிழகமெங்கும் கொண்டுசென்றார். பசித்த பிள்ளையிடம் அவர் அடையாளம் கேட்கவில்லை. அந்த மண்ணிலிருந்து கேட்கிறோம்: மத்திய அரசு இந்தக் கட்டாயத்தை உடனே திரும்பப் பெற வேண்டும். அதுவரை, முகம் பொருந்தாவிட்டாலும் மாவைக் கொடுத்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினால் போதும் என்று தமிழக அரசு ஒவ்வோர் அங்கன்வாடிக்கும் எழுத்துப்பூர்வமாக ஆணையிட வேண்டும். அப்படிக் கொடுத்த ஊழியர் மீது நடவடிக்கை பாயாது என்ற உறுதியும் அந்த ஆணையிலேயே இடம்பெற வேண்டும்.