ஒரு நிரை எதைக் குறிக்கிறது?

ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாள் நெருங்கும்போது மொழியியல் மாணவர் பலர் கணினி வல்லுநர்கள் கூடும் இணைய அரட்டைக் குழுக்களை நாடுகின்றனர். துறையில் எஸ்கியூஎல் அறிந்தவர் இல்லை. நெறியாளரிடம் கேட்கத் தயக்கம். கணினி அறிவியல் துறையில் பழக்கமானவர் எவருமில்லை. நள்ளிரவில் ஒரு கேள்வியை இட்டால், முகமறியாத ஒருவர் சில நிமிடங்களில் விடை தருகிறார். கட்டணமோ கைம்மாறோ அவர் எதிர்பார்ப்பதில்லை. இந்திய ஆய்வுச் சூழலில் இவ்வளவு எளிதாகக் கிடைக்கும் உதவிகள் மிகச் சில. அதைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்ட செயல். ஆனால் அவ்வுதவி எப்படிக் கேட்கப்படுகிறது, பெற்றபின் அது ஆய்வேட்டில் என்னவாகிறது என்பதைப் பல்கலைக்கழகங்கள் கண்டுகொள்வதே இல்லை. தரவுத்தள வினவல் என்பது மெய்ப்புத் திருத்தம் போன்ற சில்லறை வேலை அன்று. எதை எண்ணுவது, எதை விடுவது என்ற முடிவு அதில்தான் எடுக்கப்படுகிறது. அந்த முடிவை அறிமுகமற்ற ஒருவர் எடுக்க, அது முடிவு என்றே உணராமல் ஆய்வாளர் அதற்குக் கையொப்பமிடுகிறார்.

எஸ்கியூஎல் தோன்றிய வரலாறே இந்த மயக்கத்துக்கு ஓரளவு காரணம். எட்கர் காட் 1970இல் உறவுசார் தரவு மாதிரியை முன்வைத்தார். அதன் அடிப்படையில் ஐபிஎம் நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகிய இருவரும் 1974இல் 'சீக்வெல்' என்ற வினவல் மொழியை வெளியிட்டனர். கணினி வல்லுநர் அல்லாதவரும் ஆங்கில வாக்கியம் போல எழுதித் தரவைப் பெற வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். நோக்கம் பெருமளவு நிறைவேறியது. ஆயினும் வாக்கியம் போலத் தோற்றமளிக்கும் ஒன்றைப் படித்தவுடன் பொருள் விளங்கிவிட்டது என்ற எண்ணம் எளிதில் தோன்றிவிடுகிறது. வாக்கிய அமைப்பும் பொருளும் வேறு வேறு என்று முதலாண்டு வகுப்பிலேயே பயிலும் மொழியியல் மாணவரும் இதில் இடறுகிறார்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். வட்டார வழக்கை ஆராயும் மாணவர் ஒருவர் 8 ஊர்களில், ஊருக்கு ஐவர் வீதம் 40 பேரிடம் சொற்களைப் பதிவு செய்கிறார். ஓர் அட்டவணையில் பேச்சாளர் விவரம், மற்றொன்றில் அவர்கள் கூறிய சொல்வடிவம், மூன்றாவதில் அவர்கள் அறிந்த மொழிகள். மூன்றையும் 'ஜாயின்' கட்டளையால் இணைக்கிறார். ஒரு சொல்லுக்கு 40 நிரைகள், அதாவது 40 கிடைவரிகள், வர வேண்டிய இடத்தில் 70 வருகின்றன. மாணவர் அரட்டைக் குழுவில் கேட்கிறார்: "நகல் நிரைகள் வருகின்றன. எப்படி நீக்குவது?" உடனே விடை வருகிறது: "டிஸ்டிங்க்ட் சேர்த்துப் பாருங்கள்." மாணவர் ஊர்ப்பெயரையும் சொல்வடிவத்தையும் எடுத்து அக்கட்டளையைச் சேர்க்கிறார். நகல்கள் மறைகின்றன. நன்றி கூறி விடைபெறுகிறார்.

நடந்தது என்ன? 70 நிரைகள் வந்ததற்குக் காரணம் நகல் அன்று. இரண்டு மொழி அறிந்தவர் இரு முறையும் மூன்று மொழி அறிந்தவர் மும்முறையும் வந்தனர். இணைப்பு அவ்வாறுதான் இயங்கும். டிஸ்டிங்க்ட் அவற்றை நீக்கியது மெய்யே. கூடவே, ஒரே ஊரில் ஒரே வடிவத்தைக் கூறிய ஐந்து தனித்தனி மனிதரையும் ஒருவராகச் சுருக்கிவிட்டது. ஆறு ஊர்களில் அனைவரும் முதல் வடிவத்தைக் கூற, எஞ்சிய இரண்டு ஊர்களில் நால்வர் முதல் வடிவத்தையும் ஒருவர் இரண்டாம் வடிவத்தையும் கூறினர் எனக் கொள்வோம். உண்மையில் இரண்டாம் வடிவத்தைக் கூறியவர் 40க்கு 2, அதாவது 5 விழுக்காடு. சுருங்கிய பட்டியலிலோ மொத்தம் 10 நிரைகள். அவற்றுள் இரண்டாம் வடிவம் 2, அதாவது 20 விழுக்காடு. 70 என்ற எண் 40ஐ விட மிகுதி என்பதால் முதற்பிழை கண்ணில் பட்டது. 20 விழுக்காடு என்ற பிழை எவர் கண்ணிலும் படாது. அது ஆய்வேட்டின் அட்டவணையில் ஏறி, 'இவ்வடிவம் பரவி வருகிறது' என்ற முடிவுரையாகவும் மாறக்கூடும்.

இங்கே தவறு விடையில் இல்லை. கேட்ட கேள்விக்கு அது சரியான விடையே. கேள்வியில்தான் ஒரு முன்னனுமானம் ஒளிந்திருந்தது. 'நகலை எப்படி நீக்குவது' என்று கேட்பவர், வந்தவை நகல்கள் என்பதை வாதமின்றி நிறுவிவிடுகிறார். கேட்பவர் கூற்றை நம்பி உரையாடலைத் தொடர்வது மனித இயல்பு. உதவ முன்வந்தவரும் அதையே செய்கிறார். அதே குழுவில் பொறுமையுள்ள மற்றொருவர் இருந்திருந்தால் விடைக்கு மாறாக ஒரு கேள்வியைக் கேட்டிருப்பார்: "உங்கள் அட்டவணையில் ஒரு நிரை எதைக் குறிக்கிறது?" ஒரு சொல்லையா, ஒருவர் ஒரு முறை அச்சொல்லைக் கூறிய நிகழ்வையா, ஒருவர் அறிந்த ஒரு மொழியையா? இதற்கு விடை எழுத முயன்றவுடன், மொழிகள் அட்டவணையை அவ்வாறு இணைத்ததே தேவையற்றது என்று மாணவருக்கே விளங்கியிருக்கும். தெலுங்கு அறிந்தவரை மட்டும் பிரிக்க வேண்டுமெனில், அறிந்தவரா இல்லையா என்று சோதிக்கும் 'எக்ஸிஸ்ட்ஸ்' போதும். அது நிரைகளைப் பெருக்குவதில்லை.

இந்தக் கேள்வி களப்பணித் தரவுக்கு மட்டும் உரியதன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மக்கள் தம் தாய்மொழி என்று கூறிய பெயர்கள் 19,569. அவை ஆராயப்பட்டு 1,369 தாய்மொழிகளாக ஒழுங்குபடுத்தப்பட்டன. 1,474 பெயர்கள் வகைப்படுத்தப்படாதவை எனத் தனியே வைக்கப்பட்டன. பின்னர், பத்தாயிரம் பேருக்கு மேல் பேசுவோரைக் கொண்ட 270 தாய்மொழிகள் 121 மொழிகளின் கீழ்த் தொகுக்கப்பட்டன. வெளியிடப்பட்ட தாய்மொழி அட்டவணையில் மொழிக்கு ஒரு நிரை, அதன்கீழ் ஒவ்வொரு தாய்மொழிக்கும் ஒரு நிரை. மாநிலத்துக்கு ஒரு தொகுதி, மாவட்டங்களுக்கு வேறு தொகுதி. இதை அறியாமல் மக்கள்தொகைப் புலத்தைக் கூட்டினால் ஒரே மனிதர் மொழியின்கீழ் ஒரு முறை, தாய்மொழியின்கீழ் ஒரு முறை, மீண்டும் மாவட்டத்தில் இரு முறை எனக் குறைந்தது நான்கு முறை எண்ணப்படுகிறார். 'கூட்டுத்தொகை மிகுதியாக வருகிறது' என்று மட்டும் கேட்டால், அங்கும் டிஸ்டிங்க்ட் என்ற ஆலோசனை வரலாம். அப்போது, தற்செயலாக ஒரே எண்ணிக்கை கொண்ட இரு மாவட்டங்களுள் ஒன்று காணாமற்போகும்.

நான்கு மடங்குப் பிழையை விழிப்புள்ள நெறியாளர் கண்டுபிடித்துவிடுவார். அதைவிட நுட்பமான முடிவு ஒன்றும் உண்டு. மொழி என்ற நிலையில் தொகுத்தால் 2011இல் இந்தி பேசுவோர் 52.83 கோடி. தாய்மொழி என்ற நிலையில் தொகுத்தால் இந்தியைத் தாய்மொழியாகக் கூறியோர் 32.22 கோடி, போஜ்புரி மட்டும் 5 கோடிக்கு மேல். இரண்டும் ஒரே அட்டவணையிலிருந்து வருபவை. 'குரூப் பை' என்ற கட்டளைக்குப்பின் எந்தப் புலத்தின் பெயர் எழுதப்படுகிறது என்பதே வேறுபாடு. போஜ்புரி தனிமொழியா, இந்தியின் கிளையா என்ற பல்லாண்டு விவாதம் அந்த ஒற்றைப் பெயரில் அடங்கிவிடுகிறது. அந்தப் பெயரைத் தேர்ந்தவர் அரட்டைக் குழுவில் உதவியவர் என்றால், ஆய்வின் கருதுகோளையும் அவரே தேர்ந்திருக்கிறார். அவருக்கோ அது தெரியாது.

உதவுபவர் தரவுத்தளத்தை அறிவார். மொழியை அறிந்திருக்க வேண்டியதில்லை. தமிழில் ஒகர உயிர்மெய்யின் குறியை யூனிகோடில் ஒற்றைக் குறியீடாகவும் எழுதலாம். எகரக் குறியும் துணைக்காலும் சேர்ந்த இரு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. சீர்மைப்படுத்தாத தரவில் 'கொடி' என்று தேடினால் பாதிச் சொற்கள் அகப்படாமல் போகலாம். வெற்றிடம் இன்னொரு சான்று. பேச்சாளருக்குச் சொல் தெரியவில்லை, களத்தில் அக்கேள்வி கேட்கப்படவில்லை, ஒலிப்பதிவு தெளிவாக இல்லை என்ற மூன்று நிலைகளும் பல தரவுத்தளங்களில் 'நல்' என்ற ஒரே குறியாக நிற்கின்றன. 'நாட் இன்' என்று தேடும்போது உட்பட்டியலில் ஒரே ஒரு நல் இருந்தாலும் விடை வெறுமையாக வரும். அதன் காரணத்தை எந்த வல்லுநரும் விளக்குவார். அந்த வெற்றிடம் மூன்றில் எது என்பதைக் களத்துக்குச் சென்று வந்தவரால் மட்டுமே கூற முடியும்.

ஆகவே நல்ல கேள்விக்கு நான்கு உறுப்புகள் வேண்டும். ஒவ்வோர் அட்டவணையிலும் ஒரு நிரை எதைக் குறிக்கிறது என்ற ஒற்றை வாக்கியம். ஏழெட்டு நிரைகள் கொண்ட மாதிரி. அம்மாதிரிக்குக் கையால் எண்ணிப் பெற்ற சரியான விடை. வினவல் தந்த விடை. முதல் வாக்கியத்தைத் தாய்மொழியில் எழுதிப் பார்த்தபின் ஆங்கிலத்தில் இடுவது பயன் தரும். பொருள் மங்கலாக இருந்தால் தாய்மொழியில் அது உடனே தெரிந்துவிடும். மாதிரி நிரைகள் கற்பனையானவையாக இருக்க வேண்டும். பேச்சாளரின் பெயர், ஊர், சாதி, வயது அடங்கிய உண்மை நிரைகளை முகமறியாதோர் நூற்றுக்கணக்கில் கூடியுள்ள இடத்தில் ஒட்டுவது, திண்ணையில் அமரவைத்துப் பேசிய மக்களுக்குச் செய்யும் துரோகம். அவர்கள் ஆய்வுக்கு இசைந்தனரேயன்றி அரட்டைக் குழுவுக்கு இசையவில்லை.

மொழி மாணவர் நிரலாளர் ஆக வேண்டுமா என்ற மறுப்பு எழும். வேண்டியதில்லை. புள்ளியியல் வல்லுநரிடம் உதவி பெறும் மருத்துவ ஆய்வாளர் தாமே புள்ளியியலாளர் ஆவதில்லை. ஆயினும் எந்தச் சோதனை, ஏன் என்பதை விளக்கும் பொறுப்பு அவருடையது. அரட்டைக் குழுக்களில் 'கையேட்டைப் படியுங்கள்' என்ற கடுமொழியும், தொடக்கநிலையினரை நகையாடும் போக்கும் உண்டு என்பதும் மெய். அதனால் காயப்பட்டுக் கேட்பதையே நிறுத்தியோர் உளர். ஆனால் கடுமொழியையும் எதிர்க்கேள்வியையும் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது. இன்று பலர் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்கத் தொடங்கிவிட்டதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம். அவை கடுமை காட்டுவதில்லை. ஆனால் கேள்வியின் முன்னனுமானத்தை ஏற்று, இயங்கக்கூடிய வினவலை நொடியில் தந்துவிடும் வாய்ப்பு அங்கும் உண்டு. ஒரு நிரை எதைக் குறிக்கிறது என்று கேட்பவர் கூறாதவரை மனிதராலும் எந்திரத்தாலும் அதை ஊகிக்கத்தான் முடியும்.

பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடியவை பெரும் பொருட்செலவு கோருபவை அல்ல. ஆய்வேட்டின் ஒவ்வோர் எண் அட்டவணைக்கும் உரிய வினவல் பின்னிணைப்பில் இடம்பெற வேண்டும். வினவல் எழுத உதவியவர் தனிமனிதராயினும் குழுவாயினும் செயலியாயினும் நன்றியுரையில் அது குறிப்பிடப்பட வேண்டும். பெயர் தெரியாதெனில் உதவியின் தன்மையையாவது கூறலாம். உதவி பெற்றதை மறைக்கத் தூண்டும் வெட்கம் அப்போது குறையும். ஆய்வு முறையியல் தாளில் இரண்டு வார வகுப்பை, கட்டளைகளை மனனம் செய்ய அன்று, தரவைச் சொற்களால் விவரிக்கப் பழகுவதற்கு ஒதுக்கலாம். வாய்மொழித் தேர்வில் எஸ்கியூஎல் அறியாத தேர்வாளரும் ஓர் அட்டவணையைச் சுட்டி ஒரு நிரை எதைக் குறிக்கிறது என்று கேட்கலாம். மாணவர் தயங்கினால், அந்த அட்டவணையின் எண்களை அவர் இன்னும் தமதாக்கிக்கொள்ளவில்லை என்று பொருள்.

நள்ளிரவில் விடை தந்த அந்த முகமறியாத நண்பர் தம் கடமைக்கு மேலாகவே செய்துவிட்டார். அவர் எழுதித் தந்த வரிகளை ஆய்வேட்டில் சேர்ப்பதற்குமுன், நாற்பது பேர் நாற்பது பேராகவே எண்ணப்பட்டிருக்கிறார்களா என்று ஒரு முறையேனும் விரல்விட்டு எண்ணிப் பார்ப்பது மாணவரின் கடமை. அந்த நாற்பது பேரையும் நேரில் கண்டவர் அவர் ஒருவரே.