கரும்பு சொல்லும் நியாயம்



"நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை" என்று நம்ம ஊர்ப்பக்கம் சொல்வார்கள். சேலைக்கு அது சரி. ஆனால் "அப்பன் மண்வெட்டி பிடிச்சவன், பிள்ளைக்கு எங்கே படிப்பு ஏறப்போவுது?" என்கிறார்களே, அதற்கு என்ன ஆதாரம்? குடும்பத்தில் முதல் ஆளாகப் படிக்க வந்த என்னைப் போன்றவர்கள் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

பரம்பரை என்றால் என்ன என்பதை வாய்ப்பேச்சால் இல்லாமல் சோதனையால் கண்டவர் கிரிகோர் மெண்டல். அவரும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான். பட்டாணிப் பூ விரியும் முன்பே அதன் மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்தார். தான் தேர்ந்தெடுத்த செடியின் மகரந்தத்தைத் தடவினார். வேறு மகரந்தம் புகாதபடி பூவைப் பையால் மூடினார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் இப்படிக் கலந்ததில் முதல் தலைமுறை முழுக்க உருண்டை. அடுத்த தலைமுறையில் 7324 விதைகளை எண்ணிப் பார்த்தார். உருண்டை 5474, சுருக்கம் 1850. அதாவது ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. மறைந்துபோன குணம் திரும்பி வந்தது! 1865-ல் அவர் சொன்னதற்கு உலகம் காது கொடுத்தது 1900-ல்தான்.

இதே ஒட்டுச்சேர்க்கை வேலை நம் கோயம்புத்தூரிலும் நடந்தது. 1912-ல் அங்கே தொடங்கிய கரும்பு நிலையத்தில் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் இனிப்பான தடித்த கரும்பை நாணலோடு கலந்தார்கள். ஆமாம், நம்ம கொள்ளிடக் கரையில் யாரும் விதைக்காமல் தானாக முளைத்து நிற்கிறதே, அந்த நாணல்தான்! அதில் இனிப்பு இல்லை. ஆனால் வறட்சியைத் தாங்கும் உறுதி இருந்தது. அப்படிப் பிறந்த கோ 205 ரகம் 1918-ல் பஞ்சாப் வயல்களுக்குப் போனது. ஒன்றுக்கும் உதவாது என்று ஒதுக்கிய புல் கரும்புக்கே தெம்பு கொடுத்தது. நம் வயல்களுக்கு வந்த கோ 86032 ரகமும் கோவையில் உருவானதுதான்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு ரகம் மட்டம் என்று விஞ்ஞானி சும்மா சொல்லிவிட மாட்டார். இரண்டு ரகத்தையும் ஒரே வயலில் நட்டு, ஒரே அளவு தண்ணீரும் உரமும் கொடுத்து, பல பாத்திகளில் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகே வாய் திறப்பார்.

நம்மை யாராவது அப்படி ஒரே வயலில் நட்டார்களா? ஒருவனுக்கு டியூஷன், தனி அறை, சொல்லிக்கொடுக்கப் படித்த அப்பா. இன்னொருவனுக்கு விடுமுறை என்றால் பருத்திக் காடு, சந்தேகம் கேட்க வீட்டில் ஆள் கிடையாது. இருவரின் மார்க்கையும் பக்கத்தில் வைத்து "எல்லாம் பரம்பரை" என்பது எந்த ஊர் சோதனை? தவிர, பட்டாணி விதையின் சுருக்கம் போலப் படிப்பு விதையோடு வருவதில்லை. அது சொல்லிக் கொடுத்து வருவது.

ஆகவே மாணவர் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இது. முதலாண்டில் கணக்கிலும் ஆங்கிலத்திலும் தடுமாறும் தம்பி தங்கைகளுக்கு, மூத்த மாணவர்கள் தினமும் மாலை ஒரு மணி நேரம் தமிழில் விளக்கிச் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். அரியர் வைத்தவனைப் பார்த்துச் சிரிப்பதை விடுங்கள். முதலில் எல்லோருக்கும் ஒரே தண்ணீர் பாயட்டும். ரகத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை, கீழப்பழுவூர்