காத்திருக்கவும் சொத்து வேண்டும்

நம் தோழர் ஒருவரின் கையில் இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. ஒன்று, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு போஸ்ட் டாக். மற்றொன்று, இங்கே ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் எஸ்சி ஒதுக்கீட்டில் உதவிப் பேராசிரியர் பணி, நிரந்தரம். "உன் திறமைக்கு வெளிநாடு போ, வேலை எங்கே போய்விடும்?" என்கிறார்கள் அவருடைய பேராசிரியர்கள்.

வேலை எங்கே போகும் என்பது நமக்குத் தெரியும். "தகுதியானவர் எவருமில்லை" என்ற ஒற்றை வரிக்குள் போகும். மறுபடி விளம்பரம், மறுபடி நேர்காணல், மறுபடி அதே வரி.

இந்த நாற்காலி யாரும் தானமாகத் தந்ததல்ல. பல்கலைக்கழகம் முழுவதையும் விட்டுவிட்டு ஒவ்வொரு துறையையும் தனி அலகாகக் கணக்கிட வேண்டும் என்று 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது. 2018 மார்ச்சில் யுஜிசி அதையே ஆணையாக்கியது. அந்த 13 புள்ளி இனச்சுழற்சியில் எஸ்சிக்கு 7ஆவது இடம், எஸ்டிக்கு 14ஆவது இடம். ஆறு பேர் கொண்ட துறையில் நமக்குப் பூஜ்யம்! மாணவர்களும் ஆசிரியர்களும் தெருவில் இறங்கிய பிறகுதான் 2019இல் அவசரச் சட்டம் வந்தது, பிறகு சட்டம் வந்தது. அதிலும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் போன்றவற்றுக்கு விலக்கு. அப்படி மீட்ட நாற்காலியைத்தான் "அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள்.

இரண்டு வருடம் போஸ்ட் டாக், அது முடிந்ததும் இன்னொன்று, நடுவில் ஆறு மாதம் சும்மா. நிலமும் வீடும் உள்ளவர்களுக்கு இது அனுபவம். கல்விக்கடனும், கூலி வேலைக்குப் போகும் அம்மாவும் உள்ளவர்களுக்கு இது சூதாட்டம். காத்திருக்கவும் சொத்து வேண்டும், தோழர்களே!

"அம்பேத்கர் வேலையை விட்டுவிட்டு லண்டன் போகவில்லையா?" என்று கேட்பார்கள். போனார். ஆனால் முழுக்கதையையும் சொல்லுங்கள். பரோடா உதவித்தொகை முடிந்ததால் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பியவர் அவர். 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். ஷாகு மகாராஜாவின் உதவியும் சேர்ந்தது. 1920இல் மீண்டும் லண்டன், 1923இல் டி.எஸ்சி. பிறர் தரும் உதவித்தொகை எந்த நாளில் நிற்கும் என்பதை அனுபவித்து அறிந்தவர் அவர்.

இன்னொன்று. யுஜிசி விதிப்படி ஓர் உதவிப் பேராசிரியர் நான்கு முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு நெறியாளராகலாம். நெறியாளர் கிடைக்காமல் அலைந்த நமக்கு அந்த நான்கின் மதிப்பு தெரியாதா? பாடத்திட்டக் குழுவில் பேசுவதும் விடுதிப் புகாருக்குச் சாட்சியாக நிற்பதும் உள்ளே இருப்பவரால்தான் முடியும்.

போஸ்ட் டாக் இல்லாமல் நேர்காணலுக்கே அழைக்காத அறிவியல் துறைகள் உண்டு. கையில் வேலை இல்லாதவர் தயங்காமல் போகட்டும். வெளிநாட்டு ஆய்வு நமக்கு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கையில் நிரந்தரப் பணி ஆணை இருப்பவருக்குத்தான் சொல்கிறோம்: முதலில் பணியில் சேருங்கள். சேரும் தேதியைத் தள்ளிவைக்க எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்; வாய்மொழி உறுதியை நம்பாதீர்கள். சில ஆண்டுகள் கழித்துப் படிப்பு விடுப்பில் அதே வெளிநாட்டுக்குப் போங்கள். அப்போது திரும்பி வர ஒரு நாற்காலி இருக்கும்.

நாம் உட்காராத நாற்காலி காலியாக இருக்காது. அதில் வேறு யாரோ உட்கார்ந்து, நம் தம்பி தங்கைகளை நேர்காணல் செய்துகொண்டிருப்பார்.

ஜெய்பீம்.