முகம் பார்த்தால்தான் ஆள் வரும்

"எல்லாம் எழுதி வைத்திருக்கிறோமே, புதிதாக வருகிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்" என்கிறார்கள் கட்டற்ற மென்பொருள் அன்பர்கள் சிலர். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை அறிவித்ததும், அதற்கு ஆள் சேர்ந்ததும் எழுத்தில்தான். மறுக்கவில்லை. ஆனால் வந்தவர்கள் நிரல் எழுதத் தெரிந்தவர்கள், ஆங்கிலம் அறிந்தவர்கள். லிப்ரெஆபிஸ் மெனுவைத் தமிழாக்க ஆசைப்படும் ஓய்வுபெற்ற தமிழாசிரியரிடம் நூறு பக்க வழிகாட்டியை நீட்டினால், அன்றே பெரிய கும்பிடு போட்டுவிடுவார். அவரையே ஜிட்சியில் கூப்பிட்டு, திரையைக் காட்டி, "ஐயா, இங்கே தட்டுங்க, 'ஃபைல்' என்பதற்குக் 'கோப்பு'ன்னு போடுங்க" என்று சொல்லிப் பாருங்கள்! ஜிட்சியும் கட்டற்ற மென்பொருள்தான்; கணினியில் இணைப்பைத் தட்டினால் உலாவியிலேயே திறக்கும். (செல்பேசியில் செயலியை நிறுவச் சொல்லும், அது வேறு தொல்லை.)

2020-ல் கொரோனா வந்தபோது டெபியன்காரர்களே ஆண்டு மாநாட்டை இணையவழி நடத்தினார்கள். நமக்கு மட்டும் என்ன கூச்சம்? கூட்டம் போட்டுவிட்டு நாலு பேர் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருப்பதும் உதவாது. புதியவரை முதலில் பேச விடுங்கள். வர முடியாதவர்களுக்கு, பேசி முடிவானதை எழுதி அனுப்புங்கள். வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம் போதும். என்னைப் போன்றவர்கள் சாப்பிட்டு மாத்திரை போடுவதற்குள் முடித்துவிடலாம்.