படக்கதையும் படிப்பே!

"பட்டப் படிப்பு படிப்பவனுக்குப் பொம்மைப் புத்தகம் எதற்கு?" பூந்தமல்லியில் எங்கள் வீட்டில் இக்கேள்வி எழாத நாளில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். பெற்றோரின் அச்சம் நியாயமே. ஆயினும் என் கட்சியையும் கேளுங்கள்.

1972இல் சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறையும். இரும்புக்கை மட்டும் தெரியும். பழைய இதழொன்றைப் பள்ளி நாளில் படித்தபோது ஓர் ஐயம் பிறந்தது. ஒளி உடலை ஊடுருவிப் போய்விட்டால், விழித்திரையில் அது எப்படித் தங்கும்? மாயாவிக்குக் கண் தெரியாதன்றோ?

அந்த ஐயமே என்னை இயற்பியல் வகுப்புக்கு அழைத்து வந்தது. விடை தந்தது பாடநூல். வினா தந்தது படக்கதை. நண்பர்களே, நம் நூலகத்தில் அதற்கும் ஓர் அடுக்கு வேண்டாமா?

– இரண்டாமாண்டு மாணவன், இளம் அறிவியல் (இயற்பியல்)