பெட்டியில் இல்லை கோளாறு

போன வாரம் எதிர்வீட்டு அம்மா கூப்பிட்டார்கள். கணவர் போய் ஆறு வருடமாகிறது, குடும்ப பென்ஷனில் காலம் ஓடுகிறது. மாலையானால் டிவிதான் துணை.

"அண்ணே, சிக்னல் இல்லன்னே வருது. மெக்கானிக் வந்து பாத்தாரு. டிஷ்ஷையும் பாக்ஸையும் மாத்தணும், மூவாயிரம் ஆகும்ங்கறாரு."

"எப்போலேந்து?"

"அந்த பெரிய மழையிலேந்துதான். மழை விட்டு மூணு நாளாச்சு. இன்னும் வரல."

அந்தக் கடைசி வார்த்தையிலேயே நோய் தெரிந்துவிட்டது. டிஷ்ஷுக்கு வரும் அலை கனமழையில் தடைபடும், அது இயற்கை. ஆனால் மழை விட்ட சில நிமிடங்களில் படம் திரும்பிவிட வேண்டும். மூன்று நாள் வெயில் அடித்தும் வரவில்லை என்றால் தண்ணீர் வானத்தில் இல்லை, எங்கோ உள்ளே புகுந்து உட்கார்ந்திருக்கிறது. மாடிக்கு ஏறினேன். டிஷ்ஷுக்கு முன்னால் கம்பியில் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி.யில் திருகியிருந்த கனெக்டரைக் கழற்றினால், நடுச் செம்புக் கம்பி பச்சைப் பாசி பிடித்திருக்கிறது, சுற்றியுள்ள வலைக்கம்பி கறுத்துப் போயிருக்கிறது. ஒரு சாண் கேபிளை வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கனெக்டர் போட்டேன். விலை இருபது ரூபாய். மேலே சைக்கிள் ட்யூப் துண்டை இறுக்கிச் சுற்றி, கேபிளைக் கனெக்டருக்குக் கீழே தொங்குமாறு வளைத்துக் கட்டினேன். இனி மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே ஏறாது. கீழே வந்தபோது சீரியல் ஓடிக்கொண்டிருந்தது.

என் சாமர்த்தியத்தைச் சொல்ல இதை எழுதவில்லை. நாற்பது வருடக் கோபம் ஒன்று மறுபடி கிளம்பிவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. புதுச்சேரியிலிருந்து நேர்கோட்டில் அது சுமார் 135 கி.மீ. இங்கே உள்ளூரில் ஒளிபரப்பி வரும்வரை எங்கள் மாடிகளெல்லாம் வடக்கே, சற்றுக் கிழக்கே சாய்ந்து பார்க்கும் அலுமினியக் குழாய்களால் நிறைந்திருந்தன. பிரெஞ்சுக்காரன் இந்த ஆன்டெனாவை 'ராத்தோ' என்பான், குப்பை வாரும் பல்வாரி என்று பொருள். பார்த்தால் அப்படித்தான் இருக்கும். குழாயின் நீளம் யாரோ மனம்போல் வெட்டியதல்ல. 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். 60 மெகாஹெர்ட்ஸ் என்றால் 5 மீட்டர், அதில் பாதி ஏறக்குறைய குழாயின் நீளம். பள்ளிக்கூடக் கணக்குதான். இந்த அலைகள் பெரும்பாலும் நேராகப் போகும். பூமியின் வளைவு குறுக்கே வரும் என்பதால் உயரமும் தேவை. அதுவரை கடைக்காரர்கள் சொன்னதெல்லாம் சரி.

படத்தில் புள்ளி தட்டினால் ஆரம்பித்துவிடும் மந்திரம்: "சார், பூஸ்டர் போட்டுடுங்க." நிழல் விழுந்தாலும் பூஸ்டர். கோடு ஓடினாலும் பூஸ்டர். காய்ச்சல், கால்வலி, பல்வலி எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை கொடுக்கும் வைத்தியரை நாம் வாசற்படி ஏற்றுவோமா?

பூஸ்டர் என்ன செய்யும்? உள்ளே வந்ததைப் பெரிதாக்கும். படம் வந்தால் படத்தை, இரைச்சல் வந்தால் இரைச்சலை. அதற்கு இரண்டும் ஒன்றுதான். ஆன்டெனாவில் கிடைத்த மெல்லிய அலையைக் கேபிள் தின்பதற்கு முன், கம்பத்தின் உச்சியிலேயே வைத்தால் பலன் உண்டு. எங்கள் தெருவில் எத்தனை வீட்டில் உச்சியில் வைத்தார்கள்? ஏறச் சோம்பல். டிவிக்குப் பின்னால் அலமாரியில், சிவப்பு விளக்கு எரிய, அலங்காரமாக வைத்துவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போனார்கள். வழியிலேயே தேய்ந்து இரைச்சலில் மூழ்கிவிட்டதை அங்கே பெருக்கி என்ன ஆகப் போகிறது?

நோய்க்கு நோய் அடையாளம் வேறு. படம் முழுக்க அரிசி இறைத்ததுபோல் புள்ளி என்றால் அலை பலவீனம். உருவத்துக்கு வலப்பக்கம் இன்னொரு மங்கல் உருவம் நின்றால், அலை நேராக ஒருமுறையும் ஏதோ ஒரு கட்டடத்திலோ தண்ணீர்த் தொட்டியிலோ மோதி இன்னொருமுறையும் வருகிறது. 300 மீட்டர் அதிகம் சுற்றி வந்தால் ஒரு மைக்ரோ விநாடி தாமதம். திரையில் ஒரு கோடு தெரியும் நேரம் சுமார் 52 மைக்ரோ விநாடி. ஆக 20 அங்குலப் பெட்டியில் முக்கால் சென்டிமீட்டர் தள்ளி நிழல் விழும். அடிக்கோலை வைத்து அளந்தால் எவ்வளவு தூரம் சுற்றி வந்தது என்று நாமே சொல்லிவிடலாம்! இதற்கு வைத்தியம் ஆன்டெனாவைக் கொஞ்சம் திருப்புவது, இடம் மாற்றுவது. பூஸ்டர் போட்டால் நிழலும் சேர்ந்து கொழுக்கும். தெருவில் மோட்டார் சைக்கிள் போகும்போது மட்டும் புள்ளிக்கோடு வெட்டினால் அது இன்ஜின் பொறி. கோடைக்காலத்தில் சில இரவுகள் திடீரென்று இலங்கை ரூபவாஹினி புகுந்து விளையாடும். கடல் மேல் காற்று அடுக்கடுக்காய் நின்று அலையை வளைத்துக் கொண்டுவரும் வேலை அது. அது கோளாறே அல்ல, காற்று மாறினால் போய்விடும். அதற்கும் பூஸ்டர் விற்றவர்கள் உண்டு.

வாங்கிய ஏமாளிகளில் நானும் ஒருவன். குமாஸ்தா சம்பளத்தில் ஒரு பூஸ்டர், அது போதாது என்று இரண்டு மாதம் கழித்து 'பவர்' கூடின இன்னொன்று. புள்ளி அப்படியே இருந்தது, கொஞ்சம் வெளிச்சமாக இருந்தது, அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே ஏறி ஆன்டெனாவின் நடுப்பெட்டியைத் திறந்தேன். கம்பி உறைக்குள்ளேயே அறுந்து உப்புப் பூத்துக் கிடந்தது. கடற்கரை ஊரில் அது நடக்காமல் இருந்தால்தான் அதிசயம். போதாக்குறைக்கு, இரட்டைக் கம்பி ஓடும் அந்தத் தட்டை ஒயரை இரும்புக் குழாயில் கொடிபோலச் சுற்றியிருந்தார்கள். அந்த ஒயரில் அலை கம்பியைச் சுற்றி வெளியிலும் பரவி ஓடுவது. பக்கத்தில் இரும்பும் மேலே ஈரமும் பட்டால் பாதி வழியிலேயே அது செத்துப்போகும். கோ-ஆக்சியல் கேபிளுக்கு மாற்றினேன். அன்று மாலை செய்தி வாசித்தவரின் சட்டைப் பித்தானை எண்ண முடிந்தது. இரண்டு பூஸ்டரும் பரணில்.

வருடங்கள் கழித்து ஒரு மெக்கானிக்கிடம் இதைக் கேட்டே விட்டேன். அவர் மறுக்கவில்லை. "சார், கம்பியச் சுரண்டி மாட்டிட்டு இருநூறு ரூபா கேட்டா, 'சுரண்டினதுக்கா இருநூறு'ன்னு சண்டைக்கு வராங்க. பொட்டியக் கையில குடுத்தா ரெண்டாயிரத்த எண்ணிக் குடுக்கறாங்க. நான் எதைச் செய்யட்டும்?"

எனக்குப் பதில் வரவில்லை. ஏமாற்றுகிறவனைத் திட்டி எழுத உட்கார்ந்தால் பாதி திட்டு நமக்கே வருகிறது. வெயிலில் ஏறி, யோசித்து, கோளாறைக் கண்டுபிடிக்கிற வேலைக்கு நாம் விலை வைக்கவில்லை. பளபளப்பான பிளாஸ்டிக் பெட்டிக்குத்தான் வைத்தோம். அவர்களும் அதையே விற்கிறார்கள்.

இப்போது அந்த வியாபாரம் செல்போனுக்குள்ளேயே வந்துவிட்டது. ஜன்னலில் ஒட்டும் தகடு, 'டிஜிட்டல் ஆன்டெனா', மாதக் கட்டணமே இல்லாமல் நூறு சேனல் என்று விளம்பரம். அமெரிக்காவில் அது ஓரளவு நடக்கும், அங்கே தனியார் நிலையங்களே தரைவழியாக ஒளிபரப்புகின்றன. நம் நாட்டில் தூர்தர்ஷன் தன் பழைய தரைவழி ஒளிபரப்பிகளில் பெரும்பாலானவற்றை மூடியாயிற்று. சென்னை போன்ற சில பெரிய ஊர்களில் 2016-இல் தொடங்கிய டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பிலும் தூர்தர்ஷன் சேனல்கள்தான், அதற்கும் டி.வி.பி.-டி2 வசதி உள்ள பெட்டி வேண்டும். காற்றில் இல்லாத அலையை எந்தத் தகடு பிடிக்கும்? கட்டணம் இல்லாமல் பார்க்க வேண்டும் என்றால் தூர்தர்ஷனின் இலவச டிஷ் 2004-இலிருந்தே இருக்கிறது. இதை விற்பவன் சொல்ல மாட்டான்.

எதிர்வீட்டு அம்மாவிடம், அந்த மெக்கானிக் வந்தால் வெறுங்கையோடு அனுப்பாதீர்கள் என்று சொல்லியிருந்தேன். முந்தாநாள் புது டிஷ்ஷோடு வந்தவரிடம், முதல்நாள் வந்து பார்த்ததற்கு என்று இருநூறு ரூபாயை நீட்டியிருக்கிறார்கள். வாங்கிக்கொண்டு, மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "யாரும்மா அந்த ட்யூப் சுத்தினது?" என்று கேட்டாராம்.